ஒட்டப்பிடாரம் வக்கீலின் சன்னது

கப்பலோட்டிய தமிழர் என்றும் செக்கிழுத்த செம்மல் என்றும் இரு பெயர்களால் அவரை அழைத்துப் பழகிவிட்டோம். நம் வட்டத்தின் கவியரங்குகளில் இப்பத்தாண்டில் அவரைப் பாடாத ஆண்டு இல்லை. பாடியவர் எல்லாரும் கடலில் தொடங்கிச் சிறையில் முடித்தனர். நானும் ஒருமுறை அப்படியே முடித்தேன். ஆயினும் கப்பலுக்கு முன்னும் செக்குக்குப் பின்னும் அம்மனிதர் உண்ட சோற்றுக்கு வழிசெய்த தொழில் ஒன்று இருந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை வக்கீல். அதிலும் குற்றவியல் வழக்குகளில் பெயர்பெற்ற வக்கீல். அத்தொழிலை நடத்த அரசு அளித்த உரிமைச்சீட்டுக்கு அந்நாளில் சன்னது என்று பெயர். அதை அவர் ஈட்டினார், இழந்தார், நெடுநாள் அதற்கு வெளியே நின்றார், பின்னர் மீண்டும் பெற்றார். அந்தச் சன்னதைப் பற்றிக்கொண்டே அவர் வாழ்க்கையைச் சொல்லிப் பார்க்கலாம் என்று எண்ணினேன்.

இவ்வெண்ணம் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவரின் மகள் என்னிடம் தமிழ் இலக்கியம் பயின்றாள். அவள் அண்ணன்மீது ஓர் அடிதடி வழக்கு. தந்தை வாரக்கூலியில் மிச்சம் பிடித்து ஒரு வக்கீலுக்குத் தவணையாகப் பணம் கொடுத்துவந்தார். வாய்தா நாள்களில் வக்கீல் வரவில்லை. வேறொருவரை வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டபோது கட்டைத் திருப்பித் தரவும் இல்லை. இதை யாரிடம் முறையிடுவது என்று அவள் என்னைக் கேட்டாள். அற இலக்கியத்தில் ஆய்வுப்பட்டம் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத்தில் 35-ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதையும், தொழில் நெறி பிறழ்ந்த வழக்கறிஞர்மீது மாநில வழக்கறிஞர் மன்றத்தில் முறையிடலாம் என்பதையும், கண்டித்தல், சில காலம் தொழிலிலிருந்து நிறுத்திவைத்தல், பட்டியலிலிருந்தே பெயரை நீக்குதல் எனத் தண்டனை வகைப்படும் என்பதையும் பின்னரே படித்து அறிந்தேன். அப்படிப் படித்துக்கொண்டு போகும்போதுதான் இந்தச் சட்டத்தின் பாட்டனாகிய பழைய சட்டமும், அதன் வாயில் அகப்பட்ட சிதம்பரனாரும் எதிர்ப்பட்டனர்.

அவர் பிறந்தது 1872 செப்டம்பர் 5-ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையின் ஒட்டப்பிடாரத்தில். தந்தை உலகநாதப் பிள்ளை பெயர்பெற்ற வக்கீல். தாய் பரமாயி அம்மாள். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி அருகிலேயே இருக்கிறது. பிள்ளைப் பருவத்துக் கதைகளை அவரே அகவற்பாவில் எழுதிய சுயசரிதையில் காணலாம். வேண்டுவோர் அங்கே படிக்க. படிப்பு முடிந்து சிறிது காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். பிறகு தந்தை அவரைத் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பிச் சட்டம் படிக்க வைத்தார். 1894-இல் பிளீடர் தேர்வில் தேறி, 1895 முதல் சொந்த ஊரிலேயே தொழில் தொடங்கினார்.

ஒரு தாலுகாத் தலைநகரின் குற்றவியல் நீதிமன்றம் அந்நாளில் எப்படி இருந்தது என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்கைத் தொடுப்பது போலீஸ். அதை விசாரிப்பவர் சப் மாஜிஸ்திரேட். அவரே பெரும்பாலும் வருவாய்த்துறை அலுவலரும் ஆவார். குற்றம் சாட்டப்பட்டவன் எழுத்தறியாத உழவனாகவோ கைத்தொழிலாளியாகவோ இருப்பான். இம்மூவர்க்கும் நடுவே தரகர் கூட்டம் ஒன்று திரியும். கட்சிக்காரனை வழியிலேயே மடக்கி, இன்ன வக்கீலிடம் போனால் வேலை முடியும் என்று சொல்லி அழைத்துச் சென்று, வக்கீலிடம் பங்கு வாங்குவது அவர்கள் பிழைப்பு. இக்கூட்டத்தின் கொடுமை பொறுக்கமாட்டாமல் தரகர் பெயர்களை நீதிமன்றமே பட்டியலிட்டு வெளியேற்றலாம் என்று 1890-களில் சட்டத் திருத்தமே கொண்டுவர நேர்ந்தது. தரகு கொடுப்பதும் வாங்குவதும் வக்கீலின் தொழில் நெறிக்கு மாறு என்று எழுதப்பட்டது. எழுதப்பட்டதற்கும் நடந்ததற்கும் இருந்த தொலைவை நான் சொல்ல வேண்டுவதில்லை.

அத்தகைய நீதிமன்றத்தில் சிதம்பரம் பிள்ளை ஏழைகளின் வக்கீல் என்று பெயர் எடுத்தார். தந்தை பெரும்பாலும் செல்வர்க்கு வழக்காடினார். மகன் எளியவர் பக்கம். ஆதலின் சில வழக்குகளில் தந்தையும் மகனும் எதிர் எதிரே நிற்க நேர்ந்ததாக வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர். ஒரே வீட்டில் உண்டு, ஒரே வண்டிப்பாதையில் வந்து, நீதிமன்றத்தில் எதிர்க்கட்சியாக நிற்பது எளிதன்று. மாலையில் வீடு திரும்பியபின் வழக்கைப் பற்றி வாய் திறவாதிருப்பது அதனினும் அரிது. கட்சிக்காரன் நம்பிச் சொன்னதைப் பிறர் செவிக்குக் கொண்டுபோகாமை இன்று வழக்கறிஞர் நெறிகளில் தலையாயது என்பர். ஒட்டப்பிடாரத்து வீடு ஒன்று அந்நெறிக்குப் பயிற்சிக் களமாக இருந்தது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

போலீஸ் தொடுத்த வழக்குகள் அவர் குறுக்கு விசாரணையில் உடைந்தன. அதனோடு நில்லாமல், கையூட்டுப் பெற்ற சப் மாஜிஸ்திரேட் மூவர்மீது குற்றத்தை மெய்ப்பித்தார் என்றும் அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. வக்கீலுக்கு இது ஆபத்தான வேலை. இன்று எந்த நீதிபதிமுன் வழக்காடுகிறாரோ அவர்முன்னேயே நாளையும் நின்றாக வேண்டும். அவர் கோணினால் கட்சிக்காரன் போவான், அடுப்பும் அணையும். தொழில் நெறி என்றால் மேலதிகாரி வக்கீலைக் கண்காணிப்பது என்றே நாம் நினைக்கிறோம். கீழே நிற்கும் வக்கீல் மேலே இருப்பவரைக் கண்காணித்த செய்தி இது. இதனால் அதிகாரிகளின் பகை முற்றியது. மகனுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சிய தந்தை 1900-இல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். அங்கும் தொழில் செழித்தது.

கப்பல் கதையை நீங்கள் அறிவீர்கள், விரைந்து கடக்கிறேன். 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்கு முன்நின்றவர் சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். அந்நாள் தூத்துக்குடியில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு செய்தியை மட்டும் இங்கே நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வக்கீல் ஒருவர் முகச்சவரம் செய்துகொள்ளும்போது வேலைநிறுத்தத்தையும் சிதம்பரம் பிள்ளையையும் இகழ்ந்து பேசினார். நாவிதர் பாதி முகத்தோடு கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மேடையில் இதைச் சொன்னால் சிரிப்பு எழும். எனக்கோ இதில் ஒரு தொழில் நெறிச் சிக்கல் தெரிகிறது: தொழிலாளி ஒருவர் தாம் வெறுக்கும் கருத்துடையவர்க்குத் தம் பணியை மறுக்கலாமா? நாவிதர் மறுக்கலாம் என்றே என் உள்ளம் சொல்கிறது. வக்கீல் மறுக்கலாமா என்றால் தயங்குகிறேன்.

இதே சிக்கல் நம் காலத்தில் கோவையில் எழுந்தது. போலீசாருக்காக எந்த வழக்கறிஞரும் தோன்றலாகாது என்று அங்கே வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய தீர்மானங்கள் செல்லா என்றும் தொழில் நெறிக்கே மாறானவை என்றும் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவர் எத்தகையவராயினும் அவர்க்காக வாதிட ஒருவர் வேண்டும். கோவலனுக்கு ஒருவர் இருந்தாரா? கண்ணகி வழக்காட வந்தபோது தண்டனை நிறைவேறி முடிந்திருந்தது. சான்றுப் பொருள் அவள் கையில் இருந்தது; கட்சிக்காரன் இல்லை. மதுரைக் காண்டத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இந்த வரிசை என்னை உறுத்தும்.

1908 மார்ச் 12-ஆம் நாள் சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் திருநெல்வேலியில் கைதாயினர். மறுநாள் ஊர் கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். சிதம்பரம் பிள்ளை ஜாமீனில் வெளியே வர வழி இருந்தும், தோழர்களை உள்ளே விட்டுத் தாம் மட்டும் வர மறுத்தார். ஜாமீன் என்பது எத்துணை அரிய பொருள் என்பதைக் கட்சிக்காரர்களுக்காக அதைக் கெஞ்சிப் பெற்ற வக்கீலைப் போல் யாரும் அறியார். அறிந்தவர் மறுத்தார் என்பதுதான் அதன் நிறை.

செஷன்ஸ் நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7-ஆம் நாள் தீர்ப்புரைத்தார். அரச நிந்தனைக்கு ஒரு வாழ்நாள் தண்டனை. சிவாவுக்கு இடங்கொடுத்து உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு வாழ்நாள் தண்டனை. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிக்க வேண்டும். நாற்பதாண்டு. அப்போது அவர்க்கு வயது 35. செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். பின்னர் தெளியவே இல்லை. மனைவி மீனாட்சி அம்மாள் மேல்முறையீட்டுக்காக அலைந்தார். மேல்முறையீட்டில் தண்டனை பெரிதும் குறைந்தது. ஆனால் சன்னது போயிற்று.

அது போன வழியை இலக்கியம் படிப்போரும் அறிந்திருத்தல் நல்லது. லீகல் பிராக்டிஷனர்ஸ் ஆக்ட் எனப்பட்ட 1879-ஆம் ஆண்டுச் சட்டம் பிளீடர்களையும் முக்தியார்களையும் ஆண்டது. கட்சிக்காரனிடமிருந்தன்றிப் பிறரிடமிருந்து வழக்கை வாங்குதல், தரகு கொடுத்தல், மோசடி செய்தல் முதலிய தொழிற்குற்றங்களை ஒரு பிரிவு வகுத்தது. கீழ் நீதிமன்றம் விசாரித்து மேலே எழுத, உயர் நீதிமன்றம் தண்டிக்கும். இன்னொரு பிரிவு, குணக்கேட்டைக் காட்டும் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்ட பிளீடரை உயர் நீதிமன்றம் தொழிலிலிருந்து நீக்கலாம் என்றது. குணக்கேடு என்பது எது? திருடியவன், பொய்யாவணம் புனைந்தவன், கட்சிக்காரன் பணத்தைத் தின்றவன் ஆகியோரிடம் அது இருப்பதில் ஐயம் இல்லை. மேடையில் பேசியவரிடமும், பேச வந்த நண்பர்க்குச் சோறு போட்டவரிடமும் எந்தக் குணம் கெட்டிருந்தது? சட்டம் அதைச் சொல்லவில்லை; சொல்லும் பொறுப்பு அரசின் நீதிபதிகளிடமே இருந்தது. நெறி பிறழ்ந்தோரைக் களைய வேண்டும் என்று செய்த அரிவாள், தரகு கொடுத்தவர் பலரை விட்டுவிட்டு இவரை அறுத்தது.

இது தமிழகத்தில் மட்டும் நடந்ததன்று. 1919-இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரக உறுதிமொழியில் கையெழுத்திட்ட அகமதாபாத் வக்கீல்கள்மீது அங்கிருந்த மாவட்ட நீதிபதி பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அவர்கள் விசாரிக்கப்பட்டு எச்சரிக்கப்பட்டனர். அந்த நீதிபதியின் கடிதத்தை அச்சிட்டதற்காகக் காந்தியடிகள் 1920-இல் நீதிமன்ற அவமதிப்பு வழக்கைச் சந்தித்தார். 1922-இல் தண்டனை பெற்றபின் இலண்டன் இன்னர் டெம்பிள் அவர் பெயரைப் பாரிஸ்டர் பட்டியலிலிருந்து அடித்தது. மீண்டும் சேர்த்தது 1988-இல். அவர் மறைந்து நாற்பதாண்டுகள் கழிந்தபின். இன்றைய வழக்கறிஞர் சட்டம் ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரையே பதிவுக்குத் தகுதியற்றவராக்குகிறது. சிதம்பரனாரைத் தண்டித்த 124-ஏ பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டமே விலகிப் புதிய சட்டம் வந்தது. புதிய சட்டத்தில் அதன் வாரிசு வேறு சொற்களில் இருக்கிறது என்று சட்டம் அறிந்தோர் வாதிடுகின்றனர். அவ்வாதத்தை அவர்களிடமே விடுகிறேன்.

கோவைச் சிறையில் செக்கிழுத்ததைப் பாடாத கவிஞர் இல்லை. அச்செக்கு இன்று சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. சிறைக்குள்ளும் அவர் வக்கீலாகவே இருந்தார். சட்ட நுணுக்கங்களை எடுத்துக்காட்டி விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக எழுதினார். 1910 இறுதியில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். உடனிருந்தோர் பெரும்பாலும் கொலை, கொள்ளை, களவுக் குற்றவாளிகள். முன்பு நீதிமன்றக் கூண்டில் அவர் யாருக்காக வாதிட்டாரோ அத்தகையவர்கள். அவர்கள் அறநெறி கேட்கச் சொல்லத் தொடங்கியதே மெய்யறம் என்னும் நூலாயிற்று. மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐம்பகுதி, 125 அதிகாரங்கள், அதிகாரத்துக்குப் பத்து அடி. குறளின் எலும்புக்கூட்டின்மேல் எழுப்பியது என்று குறை சொல்லும் புலவர் உண்டு. யாப்பின் அழகை மட்டும் நோக்கினால் அக்குறை பொருந்தும். கேட்டவர் யார், கேட்ட இடம் எது என்று எண்ணிப் படித்தால் சுருக்கத்தின் காரணம் விளங்கும். எழுத்தறியாத கைதி மனத்தில் இருத்திக்கொண்டு போக வேண்டிய அளவில் ஒவ்வோர் அடியும் அமைந்திருக்கிறது.

1912 டிசம்பரில் விடுதலை. பெருங்கூட்டம் வரவில்லை, தொழுநோய் பற்றிய சிவா காத்திருந்தார் என்பர். கப்பல் கம்பெனி கலைந்து, கப்பல்களும் விற்கப்பட்டுவிட்டன. சன்னது இல்லை. சொந்த மாவட்டத்துக்குத் திரும்பாமல் சென்னையில் குடியேறி அரிசி, நெய், மண்ணெண்ணெய் என ஏதேதோ விற்றுப் பார்த்தார். வணிகம் கைவரவில்லை. இந்த ஆண்டுகளில்தான் காந்தியடிகளோடு ஒரு பணச்செய்தி நடந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் சிதம்பரனாருக்கென்று திரட்டிய நிதி காந்தியடிகள் வசம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. 1915-இல் இருவரும் சென்னையில் சந்தித்தனர். தொடர்ந்து கடிதங்கள் எழுதிக்கொண்டனர். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கு எங்கோ சிக்கிக் கிடந்தது. பணம் வந்து சேர 1916 தொடக்கம் ஆயிற்று. தொகை 347 ரூபாய் 12 அணா. இக்கடிதங்களை ஆய்ந்து வெளிக்கொணர்ந்தவர் ஆ. இரா. வேங்கடாசலபதி.

இச்செய்தியைச் சிலர் காந்தியடிகளைக் குறைகூறவும் சிலர் பூசி மெழுகவும் பயன்படுத்துகின்றனர். எனக்கு இரண்டிலும் விருப்பம் இல்லை. நான் வியப்பது, வறுமையில் இருந்தவர் கேட்ட முறையை. இரந்து கேட்கவில்லை, உருக்கமாக எழுதவில்லை. தமக்கென்று பிறர் ஒப்படைத்த தொகை ஒன்று இருக்கிறது, அது வர வேண்டும், வந்தால் உதவும் என்று ஒளிவின்றி எழுதினார். ஒருவர் பொருளை இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கும்போது இருபுறமும் நாணத்துக்கு இடம் இல்லை, கணக்குக்கே இடம். கட்சிக்காரன் பணத்தைத் தன் பணத்தோடு கலவாமல் வைத்துக் கேட்டவுடன் கணக்குக் காட்ட வேண்டும் என்பது இன்றும் வழக்கறிஞர் நெறி. வழக்கறிஞர்மீது எழும் முறையீடுகளிலும் பணச் சிக்கல் அடிக்கடி வருவது. உதவிய தென்னாப்பிரிக்கத் தமிழர் வேதியப் பிள்ளையின் நினைவாகத் தம் மகளுக்கு வேதவல்லி என்று பெயரிட்டார் சிதம்பரனார்.

தமிழ் ஆசிரியை என்ற முறையில் ஒரு கிளைச்செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1917-இல் அவர் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். அது தமிழுக்குக் கிடைத்த பெருங்கொடை. அதே ஆண்டில் இன்னிலை என்னும் நூலையும் பதினெண்கீழ்க்கணக்கைச் சார்ந்தது என்று நம்பி உரையெழுதி வெளியிட்டார். அது பிற்காலத்தார் புனைந்து அவரிடம் கொடுத்தது என்று பின்னர் அறிஞர்கள் துணிந்தனர். அந்த இடத்தில் கைந்நிலை வைக்கப்பட்டது. பொய்ச்சாட்சிகளைக் குறுக்கு விசாரணையில் உடைத்தவர் பொய்யோலை ஒன்றிடம் தோற்றார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு ஒன்று எப்போதும் இருக்கும். ஏடு கொண்டுவந்து கொடுத்தவரை அவர் தமிழன்பராகவே பார்த்தார் போலும். நம் துறையிலும் குறுக்கு விசாரணை வேண்டும் என்று நான் மாணவியர்க்குச் சொல்லும்போது இதையே எடுத்துக்காட்டுவேன்.

1920-இல் ஒத்துழையாமை வந்தது. வக்கீல்கள் நீதிமன்றத்தைத் துறக்க வேண்டும் என்பது அதன் கூறுகளில் ஒன்று. சேலத்தில் குற்றவியல் வழக்குகளில் பெரும்பொருள் ஈட்டிவந்த இராஜாஜி தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரில் அவர் சிறைப்பட்டு வந்து மூன்று மாதம் இருந்த இடம் நம் வேலூர்ச் சிறை. காட்பாடியிலிருந்து பாகாயம் வரும் பேருந்தில் நாம் அன்றாடம் கடக்கும் தொரப்பாடியில் அதன் நெடுமதில் நிற்கிறது. அங்கே அவர் எழுதிய நாட்குறிப்பு புகழ்பெற்றது.

சிதம்பரனார் மாறுபட்டார். 1920-இல் கல்கத்தாச் சிறப்பு மாநாட்டுக்குச் சென்று திரும்பியவர் ஒத்துழையாமையில் உடன்பாடின்றிக் காங்கிரசிலிருந்து விலகினார். மற்றவர்கள் சன்னதைத் துறந்த அந்த ஆண்டுகளில் அவர் பறிபோன சன்னதைத் திரும்பப் பெற முயன்றார். இதை அவர் தளர்ச்சி என்று எழுதியவர்கள் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. துறப்பதற்கு ஒன்று கையில் இருந்தவர்க்குத் துறவு பெருமை தந்தது. இவர் கையில் ஒன்றும் இல்லை. குணக்கேடர் என்று அரசு ஒட்டிய முத்திரை மட்டும் இருந்தது. சன்னது மீண்டால் அது அழியும். பிள்ளைகள் பசித்திருந்தனர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

அவர்க்கு உதவியவர் ஓர் ஆங்கிலேயர். இ. எச். வாலஸ் என்பவர் திருநெல்வேலி மாவட்டத்தில் பணியாற்றியபோதே சிதம்பரனாரை அறிந்தவர். பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். அவர் பரிந்துரையால் 1920-களில் சன்னது மீண்டது. நன்றி மறவாத சிதம்பரனார் தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையர் கப்பலுக்கு எதிர்க்கப்பல் விட்டவர் வீட்டில் வெள்ளைக்கார நீதிபதியின் பெயர், ஈசுவரனோடு புணர்ந்து, நாள்தோறும் அழைக்கப்பட்டது. புணர்ச்சி இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.

இந்தப் பகுதியில்தான் என் மனம் இரண்டுபடுகிறது. வாலஸ் நல்லவர், ஆயினும் ஒருவர் நல்லெண்ணத்தால் மீளக்கூடிய உரிமை இன்னொருவர் பகையால் மீளாமலும் போயிருக்கும். வக்கீல்களைத் திருத்தும் கோலை அரசிடம் கொடுத்தால் அது யார்மேல் விழும் என்பதற்குச் சிதம்பரனாரே சான்று. அதனால்தான் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கோலை வழக்கறிஞர்கள் தேர்ந்தெடுத்த மன்றத்திடமே கொடுத்தது. அதுவும் முழுத்தீர்வு ஆகவில்லை. தம்மவரைத் தாமே தண்டிக்கக் கை நடுங்கும். தில்லியில் கார் மோதிப் பலர் இறந்த வழக்கில் எதிரியின் வக்கீலும் அரசு வக்கீலும் கூடி ஒரு சாட்சியைக் கலைக்க முயன்றது தொலைக்காட்சியில் அம்பலமானபோது, தண்டனை உயர் நீதிமன்றத்தின் அவமதிப்பு அதிகாரத்தால்தான் வந்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர் சமுதாயத்தின் நெறி வீழ்ச்சி பற்றிக் கவலையோடு எழுதியது. குற்றமற்றவன் என்று காட்டக்கூடிய சான்றை அரசு வக்கீல் மறைக்கலாகாது, எந்த எதிரிக்கும் வாதாட மறுத்தலாகாது, வெற்றிக்கு ஏற்ற பங்கு என்று கட்டணம் பேசலாகாது என்றெல்லாம் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. என் மாணவியின் தந்தை அந்த விதிகளைப் படித்தவர் அல்லர். முறையீட்டை எப்படி எழுதுவது என்று நான் சொல்லிக்கொடுத்தேன், எழுதவில்லை. வழக்கு முடியும்வரை வக்கீலைப் பகைத்துக்கொள்ள அஞ்சினார். அண்ணன் பின்னர் விடுபட்டான். முறையீடு எழுதப்படாமலே போயிற்று.

சன்னது மீண்டபின் சிதம்பரனார் கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். பழைய வீச்சு திரும்பவில்லை. பதினாறாண்டு இடைவெளி என்பது வக்கீலுக்குப் பெரிது. சட்டங்கள் மாறியிருந்தன, கட்சிக்காரர் தலைமுறையும் மாறியிருந்தது. வருவாயில் பெரும்பங்கு தமிழுக்குப் போயிற்று. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பிப்பதில் ஆண்டுகளைச் செலவிட்டார். எழுத்ததிகாரம் 1928-இல் வந்தது. ஜேம்ஸ் ஆலனின் நூல்களை மொழிபெயர்த்து முடித்தார். சாந்திக்கு மார்க்கம் 1934-இல் வெளிவந்தது. 1932-இல் தூத்துக்குடிக்கே திரும்பினார்.

இறுதி ஆண்டுகளில் கடன் நெருக்கியது. வாழ்க்கை நடத்துவதற்காகத் தம் சட்டப் புத்தகங்களை விற்க நேர்ந்தது. இளம்பூரணரை விட்டுக்கொடுக்காதவர் சட்டப் புத்தகங்களை விட்டுக்கொடுத்தார். 1936-இல் நோய் முற்றியபோது உயில் எழுதுவித்தார். கடைகளுக்கும் அறிந்தவர்க்கும் தாம் தர வேண்டிய சிறுசிறு தொகைகளை வரிசையாகக் குறித்துவைத்த ஆவணம் அது. அவ்வாண்டு நவம்பர் 18-ஆம் நாள், தம்மைத் தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி, அங்கே உயிர்நீத்தார். பரலி சு. நெல்லையப்பர் தூண்டுதலால் அகவலில் எழுதிய சுயசரிதை பத்தாண்டு கழித்து, 1946-இல் நூலாக வெளிவந்தது.